அப்பாவுக்கு இசைச் சிகிச்சை: கொடுக்கிற காசுக்குப் பலன் உண்டா?

ஐம்பதைத் தாண்டிய வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 78. அல்சைமர் நோய் என்று தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன, இப்போது நடுக்கட்டத்தில் இருக்கிறார். அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக மகள் தன் வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டார். பகலில் ஓர் உதவியாளர் வருகிறார். பொழுது சாய ஆரம்பித்தால் அப்பா ஓர் இடத்தில் உட்காருவதில்லை. கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்துக்கொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். குளியல் தினமும் ஒன்றரை மணி நேரப் போராட்டம். சட்டைப் பொத்தானில் கைவைத்தாலே தட்டிவிடுகிறார், இரண்டு முறை அடித்தும் இருக்கிறார். மருத்துவர் குறைந்த அளவில் ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரையை (ஆக்ரோஷத்தைத் தணிக்கவும் கொடுக்கப்படும் ஒரு மனநோய் மருந்து) கொடுத்திருக்கிறார்.

தெரிந்தவர்கள் சொல்லி இசைச் சிகிச்சையாளர் ஒருவர் மூன்று முறை வந்து போனார். மூன்றாம் முறை, மகளின் பெயரையே மறந்துவிட்ட அப்பா, தன் இளமைக்காலப் பாட்டு ஒன்றைச் சரணம் வரை சொல் பிசகாமல் பாடினார். அன்று குளியலும் சண்டையில்லாமல் முடிந்தது. வாரம் இருமுறை வருவதாக, ஆறு மாதத்துக்கு முன்பணம் கட்டினால் சலுகை தருகிறாராம். அப்படியும் செலவு உதவியாளரின் சம்பளத்தில் பாதி வரும். தொலைவில் இருந்துகொண்டு பணம் அனுப்பும் அண்ணனோ, "அவங்க கிளம்பின அரைமணியில அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் இல்ல. பாட்டுதானே, போன்ல போட்டு விடு" என்கிறார். "பணத்தை வீணாக்குகிறேனா? தொடர்ந்து செய்தால் நினைவு திரும்புமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். பணம் கொடுப்பவர் பலனைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் பலனை எதை வைத்து அளப்பது என்பதில்தான் அவரும் தடுமாறுகிறார், நீங்களும் தடுமாறுகிறீர்கள். அவர் பார்ப்பது, சிகிச்சையாளர் வந்துபோனது அப்பாவுக்கு நினைவிருக்கிறதா என்று. நீங்கள் பார்ப்பது, அப்பாவின் நினைவு திரும்புகிறதா என்று. இரண்டுமே இந்தச் சிகிச்சை தரக்கூடியவை அல்ல.

நினைவு திரும்பாது. இதை நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த நம்பிக்கை வரிக்கு வரி தெரிகிறது. அந்த நம்பிக்கையோடு ஆறு மாதப் பணத்தைக் கட்டினால் ஆறாவது மாதம் நொறுங்கிப்போவீர்கள். அவர் பாட்டைச் சரணம் வரை பாடியது உண்மை, அது வியப்பானதும்கூட. 2015-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள். நெடுநாள் பழகிய இசையை நினைவில் வைத்திருக்கும் மூளைப் பகுதிகள், அல்சைமர் நோயில் மற்றப் பகுதிகளைவிட மெதுவாகவே தேய்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். அப்படியென்றால் அப்பா பாடியது நோய் பின்வாங்கியதற்கான அறிகுறி அல்ல. நோய் இன்னும் அதிகம் தொடாத ஒரு வழி திறந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். அந்த வழியாக அவருடைய மனநிலையைத் தொட முடியும். பதற்றமான ஒரு மாலையைத் தணிக்க முடியும், ஒரு குளியலை அமைதியாக முடிக்க முடியும். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அதைத்தான். அப்பா அரைமணியில் மறந்துவிட்டாலும் அந்தக் குளியல் அமைதியாக நடந்தது நடந்ததுதான். அவருக்கும் வலிக்கவில்லை, உங்களுக்கும் அடி விழவில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, மறதிநோய்க்கான (அல்சைமர் அதில் ஒரு வகை) இசைச் சிகிச்சை பற்றிய தன் அறிக்கையை 2025-இல் புதுப்பித்தது. 30 ஆய்வுகள், 1,720 நோயாளிகள். மனச்சோர்வு அறிகுறிகள் குறைய வாய்ப்பு அதிகம், நடத்தைச் சிக்கல்கள் மொத்தத்தில் சற்றுக் குறையலாம் என்கிறது அறிக்கை. ஆனால் பதற்றம், ஆக்ரோஷம் என்று தனியாகப் பிரித்துப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியவில்லை. சிகிச்சை முடிந்து வாரங்கள் கழித்தும் பலன் நிற்கிறது என்று சொல்லவும் போதிய ஆதாரம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: குறைந்தது ஐந்து அமர்வுகள் நடந்த ஆய்வுகளை மட்டுமே அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். மூன்று அமர்வுகளை வைத்து நீங்கள் மகிழ்வதும் சரி, அண்ணன் நிராகரிப்பதும் சரி, இரண்டும் அவசரம்.

செலவுக் கணக்குக்கு வருவோம். இங்கிலாந்தில் கில் லிவிங்ஸ்டன் தலைமையிலான குழு 2014-இல் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வில், பதற்றத்தை அளக்கும் ஓர் அளவுகோலில் ஒரு புள்ளி குறைய எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்று கணக்கிட்டார்கள். இசைச் சிகிச்சைக்கு ஏறக்குறைய 4 பவுண்டு வந்தது. மற்றச் செயல்பாட்டுப் பயிற்சிகளுக்கு அது 162 பவுண்டு தொடங்கி 3,480 வரை போனது. இணையத்தில் "இசைச் சிகிச்சை மிகச் சிக்கனமானது" என்று நீங்கள் படித்ததன் பின்னால் இப்படிப்பட்ட எண்கள்தான் இருக்கின்றன.

இங்கேதான் நான் உங்களைச் சற்று நிறுத்த வேண்டும். அந்த எண் பராமரிப்பு இல்லங்களில் இருந்து வந்தது. அங்கே ஒரு சிகிச்சையாளர் பலரை வட்டமாக உட்காரவைத்து ஒரே நேரத்தில் நடத்துவார், கட்டணம் தலைக்குக் கொஞ்சமாகப் பிரியும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒருவர். முழுக் கட்டணமும் அப்பா ஒருவர் மேல்தான் விழுகிறது. அதே தொகுப்பாய்வு, பலன் உடனடியாகத் தெரிந்தாலும் நெடுநாள் நிற்பதற்கும், கடுமையான பதற்றம் குறைவதற்கும், இல்லங்களுக்கு வெளியே வேலை செய்வதற்கும் ஆதாரம் போதாது என்று சொல்லியிருக்கிறது. மலிவானது என்ற முடிவை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து உங்கள் வீட்டுக் கூடத்தில் வைக்க முடியாது.

விலை கூடினால் பலனும் கூடும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பராமரிப்பு இல்லங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. மறதிநோயோடு மனச்சோர்வும் இருந்தவர்களில் சிலருக்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் குழு அமர்வு, சிலருக்கு எல்லோரும் சேர்ந்து பாடும் சாதாரணப் பாட்டுக்குழு. ஆறு மாத முடிவில் மனச்சோர்வை நன்றாகக் குறைத்தது சேர்ந்து பாடியதுதான். சிகிச்சையாளருக்கு மதிப்பில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். வாயைத் திறந்து, பிறரோடு சேர்ந்து, அடிக்கடி பாடுவதற்கே ஒரு வலு இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் நேரத்துக்கு ஏன் பூஜ்யம் போட்டீர்கள்?

நீங்கள் அனுப்பிய வரவுசெலவுத் தாளை இரண்டு முறை படித்தேன். உதவியாளர் சம்பளம், மருந்து, டயப்பர், சிகிச்சையாளர் கட்டணம் எல்லாம் இருக்கிறது. நீங்கள் இல்லை. பாதியாகக் குறைந்த உங்கள் சம்பளம் அதில் எங்கும் வரவில்லை. தினமும் குளியலுக்குப் போகும் ஒன்றரை மணி நேரமும், தாழ்ப்பாளைக் காவல் காக்கும் மாலைகளும் அதில் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் மறதிநோயால் உலகத்துக்கு ஏற்பட்ட செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறக்குறைய பாதி, சம்பளம் வாங்காமல் வீட்டில் பார்த்துக்கொள்பவர்களின் உழைப்பு. அவர்கள் சராசரியாக நாளுக்கு ஐந்து மணி நேரம் கொடுக்கிறார்கள். உலகக் கணக்கிலேயே உங்களைப் போன்றவர்களின் நேரம் செலவாக எழுதப்படும்போது, உங்கள் வீட்டுத் தாளில் அதை விடுவது கணக்குப் பிழை.

அண்ணனிடம் இந்தக் கோணத்தில் பேசுங்கள். குளியல் நேரம் தினமும் அரைமணி குறைந்தால் மாதத்துக்குப் பதினைந்து மணி நேரம். இருவர் செய்த வேலையை ஒருவர் செய்ய முடிந்தால் உதவியாளரின் நேரமும் மிச்சம். இது எதுவும் நடக்கவில்லை என்றால் அண்ணன் சொல்வதுதான் சரி, அந்தப் பணத்தை நீங்கள் வாரம் ஒரு மாலை ஓய்வெடுக்க மாற்று ஆள் வைக்கச் செலவழிக்கலாம். அதை நான் இரண்டாந்தரத் தேர்வாக நினைக்கவில்லை. பார்த்துக்கொள்பவர் உடைந்துபோவதும் நோயாளி வீட்டில் இருக்க முடியாமல் போவதற்கு ஒரு பெரிய காரணம்.

போனில் போட்டால் போதாதா?

பாதி போதும். அமெரிக்காவில் 54 பராமரிப்பு இல்லங்களில், ஒவ்வொருவருக்கும் பிடித்த பாடல்களைக் கருவியில் ஏற்றிக் கேட்கவைத்துப் பார்த்த பெரிய ஆய்வில், பதற்றம் குறிப்பிடும்படி குறையவில்லை. கருவியைக் காதில் மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவதில் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்பதே என் கருத்து. மாறாக, ஃபின்லாந்தில் 89 நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் வைத்து 2014-இல் வந்த ஆய்வில், பத்து வாரம் பராமரிப்பவர்களுக்கே பாடவும் பாட்டுக் கேட்கவைக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளிகளின் மனநிலை மேம்பட்டது, பாடிய குழுவில் பராமரிப்பவர்களும் தேறினார்கள். ஐந்து நாடுகளில் 2023-இல் முடிந்த, இதைவிடப் பெரிய வீட்டு ஆய்வு ஒன்றில் வழக்கமான பராமரிப்போடு ஒப்பிடத் தெளிவான வித்தியாசம் வரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே இது உறுதியான மருந்து அல்ல, முயன்று பார்க்கத் தகுந்தது.

நல்ல சிகிச்சையாளர் செய்வதைக் கூர்ந்து பாருங்கள். அப்பா கூடத்துக்கும் கதவுக்கும் வேகவேகமாக நடக்கும்போது அவர் மெல்லிசை போட்டு அடக்கப் பார்க்க மாட்டார். அப்பாவின் நடை என்ன வேகமோ அதே வேகத்தில் தொடையில் தட்டி முணுமுணுப்பார். நடை அந்தத் தாளத்தோடு ஒட்டிக்கொண்டதும் தாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார், நடையும் தளரும். அப்பா முகம் சுளித்தால் அந்த இடத்திலேயே பாட்டை மாற்றிவிடுவார். போனுக்கு இது தெரியாது. ஆனால் நீங்கள் கற்றுக்கொள்ளலாம்! உங்கள் குரல் சுருதி சேராது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பரிச்சயமான குரல் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

போனையும் பயன்படுத்துங்கள், சில எச்சரிக்கைகளோடு. இடையில் விளம்பரம் அலறாதபடி பாடல்களை முன்பே இறக்கி வையுங்கள். நாள் முழுக்க ஓடவிடாதீர்கள், பின்னணி இரைச்சல் குழப்பத்தைக் கூட்டும். பதற்றம் தொடங்கும் நேரத்துக்கு அரைமணி முன்னால், இருபது முப்பது நிமிடம் போதும். ஒரு பாட்டுக்கு அவர் அழுதால், அது ஆறுதலான அழுகையா, ஏதோ இழப்பு கிளறப்பட்ட அழுகையா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அந்தப் பாட்டைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

இசைக்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். மறதிநோய் உள்ளவர் வலியை வலி என்று சொல்ல மாட்டார், கையைத் தட்டிவிடுவார். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, தோள்மூட்டு வலி இவற்றில் எதுவும் குளியலைப் போர்க்களமாக்கும். சட்டைப் பொத்தானில் கைவைத்ததும் தட்டிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தோளை அசைத்தால் வலிக்கிறதா என்று மருத்துவரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கேட்கும் திறன் எப்படி என்றும் பார்க்கவேண்டும். பாட்டு காதில் சரியாக விழாதவருக்கு இசைச் சிகிச்சை வாங்கிப் பயனில்லை.

இவையெல்லாம் சரியென்றால், ஆறு மாத முன்பணத்துக்குப் பதிலாகச் சிகிச்சையாளரிடம் இப்படிக் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் அவர் வர வேண்டாம். நீங்கள் குறிப்பு மட்டும் எழுதுங்கள். குளியல் எத்தனை நிமிடம், மாலையில் எத்தனை முறை கதவுக்குப் போனார், அடித்தாரா, அன்று இரவு நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். அடுத்த ஆறு வாரம், வாரம் ஒருமுறை அவர் வரட்டும், பாதி நேரம் அப்பாவுக்கு, பாதி நேரம் உங்களுக்கும் உதவியாளருக்கும் கற்றுக்கொடுக்க. குளியலுக்குச் சற்று முன்னால் வரும்படி நேரத்தை அமையுங்கள். மற்ற நாட்களில் நீங்கள் செய்யுங்கள். பிறகு இரண்டு வாரம் அவர் இல்லாமல் நீங்களே தொடருங்கள், குறிப்பு நிற்கக் கூடாது. அவர் இல்லாமலும் நிலைமை அப்படியே இருந்தால், மாதம் ஒருமுறை வந்து திருத்திக்கொடுத்தால் போதும். அவர் வராததும் பழையபடி ஆகிவிட்டால், அவருடைய கைத்திறனுக்குத் தனி மதிப்பு இருக்கிறது, தொடருங்கள். தொடக்கத்தில் இருந்தே எந்த எண்ணும் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், குற்றவுணர்வு தேவையில்லை.

அவர் எங்கே பயிற்சி பெற்றார், மறதிநோய் உள்ளவர்களோடு எவ்வளவு காலம் வேலை செய்திருக்கிறார், ஒவ்வொரு அமர்வுக்கும் குறிப்பு எழுதித் தருவாரா என்று கேட்பது உங்கள் உரிமை. நல்லவர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள். "நினைவைத் திருப்பித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டியே ஆகவேண்டும் என்றால், இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இந்த நோயில் ஆறு மாதம் நீண்ட காலம். மருத்துவமனையில் சேர்க்கலாம், கட்டம் மாறலாம், அப்பாவுக்கே பிடிக்காமல் போகலாம்.

பிடிக்காமல் போவது பற்றி ஒரு வார்த்தை. அவர் எழுந்து போனாலோ, காதில் மாட்டியதைக் கழற்றினாலோ, அது மறுப்பு. வாயால் சொல்ல முடியாதவரின் மறுப்புக்கும் அதே மரியாதை உண்டு. பணம் கட்டியாயிற்று என்பதற்காக உட்காரவைக்காதீர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்

ரிஸ்பெரிடோன் பற்றிய உங்கள் பயம் ஆதாரமற்றதல்ல. 2005-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுகின்றன என்று மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. சுமார் பத்து வாரம் நடந்த சோதனைகளில், மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய 4.5 சதவீதத்தினரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையிலும், கடும் துன்பத்திலும்தான் இதைக் கொடுக்க வேண்டும், குறைந்தது ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. அப்பாவுக்கு எத்தனை மாதமாக மறுபரிசீலனை நடக்கவில்லை என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. இந்த வாரமே தேதி வாங்குங்கள். மேலே சொன்ன குறிப்பேட்டைக் கையில் கொண்டுபோங்கள்; அளவைக் குறைக்கலாமா என்று முடிவெடுக்க மருத்துவருக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. இசைச் சிகிச்சை நடக்கும் அதே வாரங்களில் மருந்து அளவையும் மாற்றினால், எதனால் என்ன நடந்தது என்று பிரிக்க முடியாது. ஆகவே வரிசையை மருத்துவரோடு பேசி வகுத்துக்கொள்ளுங்கள். திடீரென ஓரிரு நாளில் அப்பாவின் குழப்பம் மிக அதிகமானாலோ, எழுப்ப முடியாத மயக்கம், காய்ச்சல், கைகால் விறைப்பு இருந்தாலோ, அது பாட்டுக்குக் காத்திருக்கும் விஷயமல்ல. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அண்ணனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அப்பாவின் பதினைந்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் வீட்டிலும் வானொலியிலும் என்னென்ன பாடல்கள் ஒலித்திருக்கும் என்று பெரியவர்களிடமும் உறவினர்களிடமும் விசாரித்து அவர் பட்டியல் தயாரிக்கட்டும். தன் குரலில் இரண்டு பாட்டைப் பதிவுசெய்தும் அனுப்பட்டும். ஆறு வாரச் சோதனைக்கு ஆகும் செலவு, ஆறு மாத முன்பணத்தில் எட்டில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் கூடும். அந்தக் கணக்கைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தோடு சேர்த்து அனுப்பினால் அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.